தங்கள் விக்கல் தொடர்பாக

விக்கல் வந்து சோறு தின்ன முடியாமல் எழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். விக்கலை வைத்தே சோறு தின்னப் பார்த்தவன் எங்கள் கல்முனைக் கரையில் நான் ஒருவன்தான். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மாமி மட்டும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மாமியின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்ததே குறைவு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மனைவியின் பெயரில் இருக்கும். வீட்டுக்கு வந்தவனுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. மீனில் நடுத்துண்டு அவனுக்கு, முட்டை பொரித்தால் முதல் முட்டை அவனுக்கு. ஆனால் மாமி மட்டும் மருமகனோடு நேரே கதைக்க மாட்டார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் புருஷனிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் நின்றுகொண்டு தபால் நடத்துவோம். ஊரில் பல வீடுகளில் இது நாளடைவில் தளர்ந்துபோய்விடும். எங்கள் வீட்டில் தளரவில்லை. மாமியிடம் ஒரு சேவல் இருந்ததுதான் காரணம்.

மகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மாமி சேவலோடு கதைப்பார். சமையல் செய்யும் குசினி வாசலில் நின்று, வீட்டு வளவு முழுக்கக் கேட்கும்படி கதைப்பார்.

"சேவலே, வெயில் ஏறிட்டு. சில பேருக்கு இன்னும் விடியல்ல."

நான் எழுந்து முகம் கழுவுவேன்.

"சேவலே, மழை இருட்டுது. கொடியில ஒரு சாரன் காயுது. ஆர்ர சாரனோ, எனக்குத் தெரியா."

நான் போய் என் சாரனை எடுப்பேன். சேவலுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. அது பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருக்கும். விருந்தாளி வரும் நாளில் அது சட்டிக்குப் போகும், அடுத்த சேவல் பதவிக்கு வரும். ஆள் மாறினாலும் உத்தியோகம் மாறவில்லை.

எனக்குக் கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு கடை இருந்தது. கொப்பி, பேனை, முத்திரை, ஓரத்தில் ஒரு தட்டச்சு இயந்திரம். பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் மின்சார சபைக்கும் மனு எழுதிக் கொடுப்பேன். தமிழிலும் எழுதுவேன், ஆங்கிலத்திலும் எழுதுவேன். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த அன்று காலை கடை போனது. மாமியின் ஒரே தங்கச்சி போனார். நானும் மனைவியும் கைகோத்துக்கொண்டு ஓடினோம். ஓரிடத்தில் அவள் கை என் கையிலிருந்து நழுவியது. பிறகு பள்ளிவாசல் படியில் அவளைக் கண்டேன். நழுவியதற்கும் கண்டதற்கும் இடையில் நான் இருந்த நிலையைப் பற்றி எழுத எனக்கு இன்றும் ஏலாது. அதற்குப் பிறகு அவள் சந்தைக்குப் போய்ச் சற்றுச் சுணங்கினாலே எனக்கு வீட்டுக்குள் இருக்க ஏலாது. வேலிப் படலையில் போய் நின்றுகொள்வேன். காற்று வாங்க நிற்பவன் மாதிரி பாவனை செய்வேன்.

நிவாரணம் வந்த காலம் போய், நிவாரணம் தந்தவர்களும் தங்கள் வாகனங்களில் ஏறிப் போனார்கள். என் வயதுக்காரர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போகத் தொடங்கினார்கள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே மனைவி தபாலைச் சேர்ப்பித்தாள்.

"கட்டாருக்குப் போனா நல்லமாம் எண்டு உம்மா செல்றா."

"இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்றேன்.

எங்கள் ஊரில் முடியாது என்பதை இப்படித்தான் மரியாதையாகச் சொல்வோம். மாமி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். என் பாஸ்போர்ட், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் போய்விட்டது. பெண்டாட்டி கண்ணில் படாவிட்டால் என்னால் இருக்க ஏலாது, அதனால் வெளிநாட்டுக்குப் போக மாட்டேன் என்று ஓர் ஆம்பிளை எப்படிச் சொல்வது? சொன்னால் சேவலுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் மனைவிதான் தாயோடு வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தாள். விசா வருவதற்குள் நான் இங்கேயே ஒழுங்கான மாத வருமானம் ஒன்றைக் காட்டினால் போகத் தேவையில்லை. காட்டாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான்.

இந்த இக்கட்டில்தான் பஸ் நிலையத்தடியில் இன்டர்நெட் கபே வைத்திருந்த என் கூட்டாளி ஒரு வழி சொன்னான். இலவசமாக ஒரு இணையப் பக்கம் திறக்கலாமாம். அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். அந்த விஷயத்தைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருந்து வந்து விழுவார்களாம். ஓரத்தில் விளம்பரம் போட்டு விட்டால், வருகிறவர்களில் யாராவது அதை மவுஸால் அமத்துவார்கள். நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் காசு வரும். அவன் ஏற்கெனவே எருமை மாடுகளைப் பற்றி ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தான்.

"ஆக்கள் வாறாங்களா?" என்று கேட்டேன்.

"நாளும் பொழுதும் வாறாங்க" என்றான்.

வந்தது அவனேதான். கபேயில் இருந்த ஒவ்வொரு கணினியிலும் மாறி மாறி உட்கார்ந்து தன் எருமைகளைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எந்த விஷயம் என்று யோசித்தோம். அவன் பணிஸ் தின்றுகொண்டே எனக்கு விளக்கம் சொன்னான்.

"மச்சான், ஆளுக்கு அந்த நிமிசமே தேவப்படுற சாமானா இரிக்கணும். தலையில நெருப்புப் பத்தினவன் தண்ணி தேடுற மாதிரி தேடணும். ஹிக்!"

பணிஸ் தொண்டையில் ஏறிவிட்டது. அவன் விக்க, நான் அவனுடைய கணினியில் விக்கலுக்கு மருந்து தேடினேன். வந்ததெல்லாம் டாக்டர்மார் டாக்டர்மாருக்கு எழுதிய கட்டுரைகள். விக்குகிற மனிதனுக்கென்று ஒருவரும் எழுதவில்லை. கூட்டாளி தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் என் தொழில் தீர்மானமாகிவிட்டது.

விளம்பரக் கம்பனி தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பரம் தராதாம். ஆகவே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மனு எழுதும் ஆங்கிலம் மட்டும்தான். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்காமல் எனக்கு ஒரு வரி வராது. கையும் ஓடாது, மூளையும் ஓடாது. ஆகவே அப்படியே எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, தங்கள் விக்கல் தொடர்பாக. மேற்படி விடயம் சார்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், தாங்கள் உடனடியாக மூச்சை அடக்குதல் வேண்டும். அவ்வாறு அடக்கியும் விக்கல் நிற்காத பட்சத்தில், நாக்கின் கீழ்ச் சீனி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இப்படியே போய், குனிந்து தண்ணீர் குடிப்பது பற்றி ஒரு பந்தி, திடுக்கிட வைப்பது பற்றி ஒரு பந்தி. எங்கள் ஊரில் விக்கும் பிள்ளையிடம் "நீ அடுத்த வீட்டு முட்டையக் களவெடுத்தியாமே" என்று கேட்பார்கள். பிள்ளை திடுக்கிடும், விக்கல் போய்விடும். அதையும் உரிய மரியாதையோடு எழுதினேன். கடைசியில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று போட்டு முடித்தேன். முத்திரை ஒட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை.

பல கிழமைகளாக என் பக்கத்துக்கு வந்தவர்கள் நானும் கூட்டாளியும்தான். பதிலுக்கு நான் அவன் எருமைகளைப் பார்த்தேன். பிறகு எந்தத் தேசத்திலோ யாரோ விக்கியிருக்கிறான். தேடி வந்து வாசித்திருக்கிறான். தன் வாழ்க்கையில் ஒருவரும் தன் விக்கலை இவ்வளவு மரியாதையாக நடத்தவில்லை என்று எழுதித் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருக்கிறான். விக்கல் இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். மனு எழுதும் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்க வந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது நான் என் எழுத்தின் சிறப்பு என்று நினைத்து நடையையே மாற்றிக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் பிரதான வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. நிந்தவூரில் என் உம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது எங்களை இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு நாள் என் பைக்குள் ஒரு கடதாசி இருந்தது. இணையப் பக்கத்தில் போடுவதற்காக நானே கையால் வரைந்த தொண்டையின் படம். காற்று எங்கே போகிறது, சோறு எங்கே போகிறது, விக்கல் எங்கே கிளம்புகிறது என்று அம்புக்குறி போட்டிருந்தேன். சிப்பாய் அதை விரித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது எந்த இடம்?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"தொண்டை, ஐயா."

"தொண்டை எங்க இரிக்கி? ஒலுவில் ஊர்ப் பக்கமா?"

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கேள்விக்குப் பிழையான பதில் சொன்னவர்கள் வீடு போய்ச் சேர நாள் எடுத்தது. விக்கலுக்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே, பஸ்ஸில் வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நடு வீதியில் நின்று விக்கிக் காட்டினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி, நன்றாகவே விக்கினேன். சிப்பாய் கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு அவன் வாய் கோணியது.

"இக்காவ!" என்று விக்கலின் சிங்களப் பெயரைக் கத்தினான். மற்றச் சிப்பாய்களைக் கூப்பிட்டான். அவர்கள் வந்ததும் திரும்பவும் விக்கிக் காட்டச் சொன்னான். காட்டினேன். படத்தைப் பத்திரமாக மடித்து என் கையில் தந்தான். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் என்னைக் காணும்போதெல்லாம் அவன் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. தோளைத் தூக்கி ஒரு விக்கு விக்குவான், நானும் பதிலுக்கு விக்குவேன், போகச் சொல்வான்.

ஆட்கள் வந்தார்கள், ஆனால் காசு வரவில்லை. கூட்டாளி கணக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நோய் எது என்று கண்டுபிடித்தான்.

"மச்சான், உன்ட மருந்து கெதியா வேலை செய்யிது. அதான் பிழை."

உண்மைதான். விக்கிக்கொண்டு வருகிறான், முதல் வரியை வாசிக்கிறான், மூச்சை அடக்குகிறான், விக்கல் நிற்கிறது, போய்விடுகிறான். ஓரத்தில் விளம்பரம் இருப்பதை அவன் காண்பதே இல்லை. வைத்தியம் பலித்தால் வைத்தியன் பட்டினி.

"மருந்தக் கீழ கொண்டு போ" என்றான் கூட்டாளி. "மேல விக்கல்ட சரித்திரத்தப் போடு. விக்கி விக்கி வாசிக்கட்டும். வாசிக்கக்குள்ள நாலு விளம்பரத்தக் காணுவான்."

விக்கலுக்குச் சரித்திரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாததை எழுத மனு எழுதுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஆதி மனிதனின் விக்கலில் தொடங்கி, அரசர்களின் விக்கல், கடலோடிகளின் விக்கல் என்று நீட்டினேன். மேலான கவனத்துக்கு மேல் மேலான கவனமாக அடுக்கினேன். மருந்து அடியில், கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரிக் கிடந்தது. உடனே காசு ஏறத் தொடங்கியது. இப்படியே போனால் விசாவுக்கு முன்னால் மாத வருமானம் காட்டலாம் என்று எனக்குத் தெம்பு வந்தது. மனைவிக்குச் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. போய்த் தாயிடம் சொல்லிவிட்டாள், மருந்தைக் கீழே கொண்டுபோன கெட்டித்தனத்தையும் சேர்த்து.

அடுத்த நாள் காலை குசினி வாசலில், பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி, சேவலுக்குப் பயான் நடந்தது.

"சேவலே, ஒரு மனிசன் விக்கி விக்கி வாசல்ல வந்து நிக்கிறான். உன்ட கையில தண்ணி இரிக்கி. நீ தண்ணியக் குடுப்பியா, இரி வாப்பா, முதல்ல எங்கட மூத்தாப்பாட கதையக் கேளு எண்டு செல்லுவியா?"

சேவல் ஒரு புழுவைக் கொத்தியது.

"விக்கல நீட்டி வாற காசு ஹறாம். அந்தக் காசில வாங்கின அரிசி இந்த அடுப்பில வேகாது. நீ கொத்தித் தின்னவும் விட மாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. கட்டாருக்கு அனுப்பவும் இவர்தான், இங்கே உழைக்க விடாததும் இவர்தான் என்று மனதுக்குள் கத்தினேன். மனதுக்குள் மட்டும்தான் கத்த முடியும், எனக்கென்று ஒரு கோழிகூட இல்லை. கபேக்குப் போய், கூட்டாளி தலையில் அடித்துக்கொள்ள, மருந்தை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். சரித்திரத்தைக் கடைசியில் போட்டேன். விக்கல் நின்றவன் ஆறுதலாக இருந்து வாசிக்கலாம் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். சிலர் அப்படியே இருந்து வாசித்தார்கள். ஆனால் வருமானம் நொண்டியது.

நொண்டி நொண்டியே ஒரு நாள் முதல் காசோலை தபாலில் வந்தது. தபால்காரர் வெளிநாட்டு உறையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்ததால் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்ன வியாபாரம்?"

"விக்கல்."

"ஏற்றுமதியா?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? காசு மாறிவர நாள் எடுத்தது. வந்த காசில் நல்ல அரிசி வாங்கினேன், ஒரு கோழி வாங்கினேன். அரிசி மாமியின் அடுப்பில் வெந்தது. நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தே நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஆனால் அது ஒரு மாதத்துச் சாப்பாட்டுக்குக் காணாது, அதையும் சம்பாதிக்க எவ்வளவு காலம் எடுத்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உடன்பாட்டின்படி நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யுத்தம் முடிந்தது. பட்டாசு கொளுத்தியவர்களும் இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களும் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாவடிகள் குறைந்தன. என்னோடு விக்கும் சிப்பாயும் எங்கேயோ போய்விட்டான். பாதை திறந்தது நல்லதுதான். ஆனால் பாதை திறந்தால் ஏஜென்சிக்காரருக்கும் திறக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் பகல் நான் சோற்றில் கை வைத்த நேரம் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது.

"விசா வந்திட்டாம். நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாறாராம், கையொப்பம் எடுக்க."

"ஹிக்" என்றேன்.

அவள் தண்ணீர் தந்தாள். குடித்தேன். "ஹிக்." மூச்சை அடக்கினேன். நாக்கின் கீழ்ச் சீனி வைத்தேன். குனிந்து குடித்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன், மேசைக்குக் கீழே இருந்து குடித்தேன். என் பக்கத்தில் எழுதியிருந்த ஒவ்வொரு பந்தியையும் செய்து பார்த்தேன். ஒரு பந்தியும் என்னை மதிக்கவில்லை. மறுநாள் விடிந்தது, விக்கலும் விடிந்தது.

உலகத்துக்கே விக்கலை நிறுத்துகிறவனுக்கு விக்கல் நிற்கவில்லையாம் என்ற செய்தி ஒழுங்கைக்கு ஒழுங்கை போனது. பார்க்க வந்தார்கள். பள்ளிவாசலில் இருந்து லெப்பை வந்து தண்ணீர் ஓதித் தந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "நீங்க எங்கட ஆட்டக் களவெடுத்து வித்திட்டீங்களாமே" என்று கத்தினார். "ஹிக்" என்றேன். அவர் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூட்டாளி கபேயைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். என் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, விறாந்தையில் நின்று, எனக்கே வாசித்துக் காட்டினான்.

"மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி" என்று அவன் தொடங்கினான்.

"ஹிக்" என்றேன். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எனக்கு அஸர் பாங்கு எப்போது கேட்கும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இவ்வளவு ஆட்களுக்கு முன்னால் எப்படிப் பிடிப்பது?

அந்த நேரத்தில் குசினிக் கதவு திறந்தது.

மாமி வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. சேவலைத் தேடவில்லை. விறாந்தையைக் கடந்து வந்து நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேரே நின்றார். சனம் வாயைப் பொத்தியது. கூட்டாளி கடதாசியைக் கீழே போட்டான். கல்யாணமான நாளில் இருந்து முதல் தடவையாக மாமி என் முகத்தைப் பார்த்தார்.

"மருமகன்" என்றார். "ஏஜென்சிக்காரர வர வேணாம் எண்டு செல்லிட்டன். விசா வேணாம், பாஸ்போட்டத் திருப்பித் தாங்க எண்டு செல்லிட்டன். நீங்க கட்டார் போகல்ல."

எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். விக்கல் வரவில்லை. தோள் தூக்கவில்லை, தொண்டை இழுக்கவில்லை.

"நிண்டிட்டு!" என்று கூட்டாளி துள்ளினான். "மாமி, மாஷா அல்லாஹ்! திடுக்கிட வைக்கிறதெண்டா இதுதான் திடுக்கிட வைக்கிற! என்ன பொய்! எப்பிடிப் பொய்!"

சனம் கைதட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டுப் பொய்யை விட இது பெரிய பொய் என்று ஒப்புக்கொண்டார். எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளிக்கிட்டார்கள். மாமி திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நான் கதிரையிலேயே இருந்தேன். பொய்யா? மருந்தா? நானே எழுதி உலகத்துக்குப் பரப்பிய மருந்துதானே அது. மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியாதாம். போய்த் தாயிடம் கேட்டாள். மாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம், பதில் சொல்லவில்லையாம். மாமியிடம் நேரே போய்க் கேட்க எனக்கு வழி இல்லை. அவர் முறையை உடைத்தால் அது அவர் உரிமை. நான் உடைக்க ஏலாது.

அஸர் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்து படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓட்டோ வந்தது. எழுந்து நின்றேன். அது போய்விட்டது. வெயில் இறங்கியது. ஒருவரும் வரவில்லை. பஸ் சுணங்கியிருக்கலாம் என்று நானே எனக்குக் கெட்ட செய்தி சொல்லிக்கொண்டேன்.

அப்போது குசினி வாசலில் குரல் கேட்டது.

"சேவலே, கேட்டுக்க. இந்த வயசில நான் பொய் செல்றதில்ல."

நான் குசினிப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

"பொண்டாட்டி சந்தைக்குப் போனா படலையில போய் நிக்கிற மனிசன். நான் காணல்ல எண்டா நினைச்ச? அந்த மனிசனக் கட்டாருக்கு அனுப்பினா, அவன் அங்க எந்தப் படலையில நிப்பான்?"

பாத்திரம் ஒன்று கவிழும் சத்தம் கேட்டது.

"என்ட தங்கச்சிட கையும் என்ட கையிலதான் இருந்த. கை விட்டா என்ன பாடெண்டு எனக்குத் தெரியும் சேவலே. கடல் எடுத்தது காணும். மிச்சமிரிக்கிறதையும் நாமளே பிளேன்ல ஏத்தி விட ஏலா."

நான் அழுதேன். சத்தம் வராமல் சாரன் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். அடுத்த கிழமை பாஸ்போர்ட் அலுமாரிக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு மாமி என்னோடு கதைக்கவில்லை. முக்காடும் கதவும் சேவலும் பழையபடி பதவிக்கு வந்தன. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்து மறுபடி மனு எழுதத் தொடங்கினேன். வீட்டு நட்டஈடு, காணி உறுதி என்று எழுத நிறைய இருந்தது. விக்கல் பக்கத்தை மூடவில்லை. அது எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை மீனுக்குக் காசு தரும். அதன் கடைசிப் பந்தியாக ஒரு மருந்தைச் சேர்த்தேன்: "மேற்படி யாவும் பலனளிக்காத பட்சத்தில், தங்களுடன் பல வருடங்களாகக் கதைக்காத ஒருவர் தங்கள் முன் வந்து ஒரு வார்த்தை கதைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதை வாசித்துவிட்டு ஒருவன் எழுதினான். எந்த ஊரான் என்று சொல்லவில்லை, கட்டாரில் வேலை என்று மட்டும் சொன்னான். அவன் எனக்கு என் நடையிலேயே எழுதியிருந்தான். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் கடைசி மருந்து தொடர்பாக. இங்கே என் அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் என்னோடு கதைக்கிறார்கள். எனக்கு விக்கல் வரும்போது யாரோ நினைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வந்து கதைக்க ஒருவரும் இல்லை. நான் என்ன செய்யலாம்?"

வீட்டுக்கு வந்து மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"சேவலே" என்றார் மாமி. "அந்தப் புள்ளட மாமி எங்க இரிக்காவாம் எண்டு கேளு. அவவுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்து, மருமகன ஊருக்குக் கூப்பிடச் செல்லு."

நான் கபேக்குப் போய், மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.